மோட்டார் சைக்கிள் பிரேக்கிற்குரிய மசகு

மசகு என்னுஞ் சொல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. மாட்டு வண்டியின் அச்சிற்கும் குடத்திற்கும் இடையே இடுவதற்கென வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, அக்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து, மையென்றும் மசகென்றும் பெயரிட்டு வழங்கிய காலம் முதியோர் பலர்க்கு இன்னும் நினைவிலுண்டு. அச்சுத் தேயாமலும் கிரீச்சிடாமலும் ஓடுதற்கு அது போதியதாயிருந்தது. வண்டிக்காரனுக்கு மசகைத் தேர்ந்தெடுக்கும் வேலை இருந்ததில்லை. இடவேண்டிய இடம் ஒன்றே, இடும் பொருளும் ஒன்றே. இன்று தெருவோரத்து மோட்டார் சைக்கிள் பட்டறையிற் புகுந்து நோக்குவார்க்கும் அவ்வழக்கத்தின் எச்சம்போல ஒரே கிரீஸ் டப்பா காணப்படும். மஞ்சளாயோ பழுப்பாயோ அதனுள் இருப்பதைச் சக்கரத்தின் பேரிங்கிற்கும், ஸ்டாண்டின் மூட்டிற்கும், பிரேக்கின் உள்ளுறுப்புகளுக்கும் வேறுபாடின்றித் தடவுவார் பலர். முன்னிரண்டிற்கும் அதனாற் கெடுதியில்லை. மூன்றாவதே ஈண்டு ஆராய்தற்குரியது. அவ்விடத்திலே மசகு தவறுமாயின், கேடு யந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஏறிச் செல்வோனுடைய உயிரையும் அது தொடும்.

பிரேக்கிற்கும் மசகிற்கும் இயல்பிலேயே பகை உண்டு. பிரேக்கு உராய்வினால் வேலை செய்வது. மசகு உராய்வை ஒழிப்பது. அங்ஙனமாயின், பிரேக்கினுள் மசகிற்கு இடமேது என்று மாணவர் வினவலாம். வினா நியாயமானதே. பிரேக்கினுள் உராய்ந்தே தீரவேண்டிய முகங்கள் இரண்டே உள்ளன. டிஸ்க் பிரேக்கில் அவை டிஸ்க்கும் பேடும். டிரம் பிரேக்கில் டிரம்மும் ஷூவும். ஏனைய உறுப்புகள் யாவும் தடையின்றி அசைதல் வேண்டும். அசைந்தபின் தத்தம் இடத்திற்குத் தாமே மீளுதலும் வேண்டும். அவ்வாறு அசையும் இடங்களிலேதான் மசகு வேண்டப்படுகிறது. எனினும் அவ்விடங்கள் உராயும் முகங்களுக்கு விரலளவு தூரத்திற்குள்ளேயே அமைந்திருத்தலானும், அம்முகங்களிற் பிறக்கும் வெப்பம் அங்கெல்லாம் பரவுதலானும், அவற்றுட் சில ரப்பரைத் தொட்டுக் கொண்டிருத்தலானும், வழுவழுப்பாய் இருப்பது எதுவாயினும் போதும் என்று கருதுதல் அங்கே செல்லாது.

வெப்பத்தின் அளவை ஒருவாறு கணித்துப் பார்ப்போம். வண்டியும் ஏறிச்செல்வோரும் சேர்ந்து 250 கிலோகிராம் நிறையுடையதாகவும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும் கொள்வோமாயின், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 35,000 ஜூல் ஆகும். வண்டியை நிறுத்தும்போது இதிற் பெரும்பகுதி சில விநாடிகளுக்குள் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக மாறுகின்றது. அவ்வண்டியே 100 மீட்டர் உயரத்தினின்றும் சரிவில் இறங்குமாயின் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 2,45,000 ஜூல். அஃதாவது, மேற்கூறிய வேகத்தினின்று ஏழுமுறை நிறுத்துதற்கு ஒப்பானது. உதகைக்கும் மசினகுடிக்கும் இடைப்பட்ட கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டையூசி வளைவுகளை உடையது. அதன் இறக்கம் நூறு மீட்டரைப்போற் பன்மடங்கு. எஞ்சினின் இழுப்பும் காற்றின் தடையும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளினும், எஞ்சியதைப் பிரேக்கே தாங்க வேண்டும். இத்தகைய இறக்கங்களில் டிஸ்க்கின் வெப்பநிலை சென்டிகிரேடு முறையிற் சில நூறு பாகையை எட்டுவதுண்டு. சாதாரண லித்தியம் கிரீஸ் ஏறக்குறைய 190 பாகையில் உருகி ஒழுகத் தொடங்கும் என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்க. பழைய கால்சியம் கிரீஸோ நீர் கொதிக்கும் வெப்பத்தையே தாங்கமாட்டாது.

இனி, டிஸ்க் பிரேக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கைப்பிடியருகேயுள்ள லீவரை அழுத்துங்கால், அது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள சிறு பிஸ்டனைத் தள்ளுகின்றது. அப்பிஸ்டன் முன்னேயுள்ள திரவத்தை அழுத்த, அவ்வழுத்தம் குழாய்வழியே சென்று, சக்கரத்தருகே உள்ள கேலிப்பரின் பெரிய பிஸ்டனை வெளியே தள்ளுகின்றது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையினும் ஒத்த அளவிற் பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் பதினேழாம் நூற்றாண்டில் விளக்கிய விதியே இதற்கு அடிப்படை. இவ்விதியை மோட்டார் வண்டியின் பிரேக்கிற்குப் பயன்படுத்தி 1917-இல் உரிமை பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹெட். 1921-இல் டூசன்பர்க் என்னும் அமெரிக்கக் கார் நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக்கைக் கொண்டு வெளிவந்தது. மோட்டார் சைக்கிளிற்கு அவ்வசதி பெருவழக்காக வந்தது பன்னாட்கழித்தே. 1969-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கைப் பூண்டு பெருந்தொகையாய் விற்பனைக்கு வந்த வண்டிகளுள் முதலாவதாகக் கருதப்படும். நம் நாட்டில் 1999-இல் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். வந்ததன் பின்னரே டிஸ்க் பிரேக்கு இளைஞரிடையே பரவலாயிற்று.

கேலிப்பரின் பிஸ்டனைச் சூழ்ந்து சதுர விளிம்புடைய ரப்பர் வளையம் ஒன்று, அதாவது சீல், ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கும். திரவம் கசியாமற் காப்பது அதன் ஒரு தொழில். மற்றொரு தொழிலைப் பலர் அறியார். பிஸ்டன் வெளியே தள்ளப்படும்போது, சீல் அதனைப் பற்றிக்கொண்டு சிறிது வளைகின்றது. லீவரை விட்டதும், வளைந்த ரப்பர் நிமிர்ந்து, பிஸ்டனையும் தன்னோடு பின்னுக்கு இழுக்கின்றது. இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரிற் சிறு பகுதியே. அவ்வளவில் பேடு டிஸ்க்கை விட்டு விலகிச் சக்கரம் எளிதிற் சுழலும். பிஸ்டனைப் பின்னிழுக்க வேறு சுருள்வில் எதுவும் அங்கில்லை. ஆகவே அச்சிறு ரப்பர் வளையத்தின் பருமனும் மீள்சக்தியும் மாறாதிருத்தலே அப்பிரேக்கின் நலம் முழுவதும் என்னலாம். அவ்வளையம் பருத்துவிடுமாயின் பிஸ்டன் மீளாது. பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டேயிருக்கும். உரசுதலால் வெப்பம் ஏறும். ஏறிய வெப்பத்தாற் பிரேக்குத் திரவம் கொதிக்கும். கொதித்த திரவத்தினுள் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி அழுத்தத்திற்குச் சுருங்குமாதலின், லீவர் கைப்பிடிவரை வந்து தொட்டும் வண்டி நில்லாது. மாஸ்டர் சிலிண்டரிலுள்ள கிண்ண வடிவான சீல் பருத்துத் திரவம் மீளும் சிறு துளையை அடைத்துவிடின் அதற்கு எதிரான விபத்து நேரும்: பிரேக்கு விடாது பற்றிக்கொள்ளும்.

ரப்பர் எதனாற் பருக்கின்றது? இவ்விடத்தில் ரசாயனம் துணைக்கு வரும். இக்காலத்துப் பிரேக்கு சீல்கள் பெரும்பாலும் எத்திலீனையும் புரொப்பிலீனையும் சேர்த்துச் செய்யப்படும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பரால் ஆனவை. முன்னாளில் இயற்கை ரப்பரே அவ்வேலையைச் செய்தது. இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆகிய நெடுஞ்சங்கிலிகளின் பின்னல்கள். மண்ணெய்யினின்று எடுக்கப்படும் எண்ணெய்களும் அத்தகைய கார்பன் ஹைட்ரஜன் சங்கிலிகளே. குறுகியவை என்பதே வேறுபாடு. இனம் இனத்தைக் கரைக்கும் என்பது கரைசல்களைப் பற்றிய பழைய விதி. எனவே எஞ்சின் எண்ணெயோ, சாதாரண கிரீஸோ இத்தகைய ரப்பரைத் தொட்டால், அவ்வெண்ணெய் அதன் பின்னலுக்குள் மெல்லப் புகுந்து இடம்பிடிக்கும். ரப்பர் குறுக்குக் கட்டுகளால் பிணைக்கப்பட்டிருத்தலின் முற்றுங் கரைந்து போகாது. ஆனால் நீரில் ஊறிய கொண்டைக் கடலையைப்போல ஊதிப் பருத்து, மெலிந்து, தன் மீள்சக்தியை இழக்கும்.

பிரேக்குத் திரவமோ வேறினத்தது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்னும் குறியீடுகளோடு விற்கப்படுபவை கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் இருத்தலின் மின்னிலை ஒருபுறம் சாய்ந்திருக்கும், ஈ.பி.டி.எம். ரப்பருக்குள் அவை புக விரும்பா. நீரை மட்டும் அவை ஆவலோடு ஏற்கும். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 பாகைவரை கொதிக்கலாகாது என்பது அமெரிக்க விதி. ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 155 பாகையாகக் குறைகின்றது. இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுக என்று வண்டியோடு வரும் கையேடுகள் கூறுவது இதுபற்றியே. நிற்க.

கிரீஸ் என்பது தடித்த எண்ணெய் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அஃதன்று. கடற்பஞ்சு நீரைத் தன் துளைகளில் ஏந்தியிருப்பது போல, ஒருவகைச் சவுக்காரம் எண்ணெயைத் தன் நுண்ணிழைகளுக்கிடையே ஏந்தியிருக்கும் கலவையே கிரீஸ். தேய்மானத்தைத் தடுக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் எண்ணெய்; அதனை ஓடவிடாமற் பிடித்துவைப்பது சவுக்காரம். டப்பாவின்மேல் லித்தியம் என்றோ கால்சியம் என்றோ பொறித்திருப்பது சவுக்காரத்தின் பெயரையே குறிக்கும். எண்ணெயின் குலத்தைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறாது. என்.எல்.ஜி.ஐ. என்னும் எழுத்துகளோடு வரும் எண்ணும் கெட்டித்தன்மையை மட்டுமே அளப்பது. ஒரு கூம்பைக் கிரீஸின்மேல் 25 பாகை வெப்பத்தில் ஐந்து விநாடி விட்டு, அது புகும் ஆழத்தை மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்குகளாற் கணக்கிடுவர். 265 முதல் 295 வரை புகுமாயின் அது இரண்டாம் எண். பட்டறைகளிற் காணப்படுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் எண்ணே. ஆக, "லித்தியம், எண் 2" என்று எழுதப்பட்ட டப்பா நன்னிலையினது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைப் பிரேக்கு சீலின்மேல் இடலாமா என்ற கேள்விக்கு அவ்விரு சொல்லும் விடையளிப்பனவல்ல. அதிலுள்ள எண்ணெய் பெட்ரோலியத்தினின்று வந்ததாயின் இடலாகாது. கடையில் மலிவாய்க் கிடைப்பது பெரும்பாலும் அத்தகையதே.

இவ்விடத்தில் நம் ஆமணக்கு மீண்டும் முன்வருகின்றது. விளக்கெண்ணெயின் பத்தில் ஒன்பது பங்குக்கு அண்மையான கொழுப்பமிலம் ரிசினோலிக் அமிலம் எனப்படும். பதினெட்டுக் கார்பன் அணுக்கள் கோவையாக நிற்கும் அதன் சங்கிலியிற் பன்னிரண்டாவது அணுவில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து தொங்குகின்றன. தேங்காயெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இச்சிறப்பு இல்லை. அவ்வொரு தொங்கலே விளக்கெண்ணெயின் வியத்தகு குணங்கள் பலவற்றிற்குக் காரணம்: அது மற்றெண்ணெய்களினும் மிகத் தடித்தது, சாராயத்திற் கரைவது, பெட்ரோலிய எண்ணெய்களோடு எளிதிற் கலவாதது, ரப்பரை ஊதச் செய்யாதது. லாக்ஹெட் காலத்துப் பிரேக்குத் திரவம் விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்த கலவையாயிருந்தது இதனாலேயே. சார்லஸ் வேக்பீல்டு என்னும் ஆங்கிலேயர் 1899-இல் தொடங்கிய எண்ணெய்க் கம்பெனி, தன் எஞ்சின் எண்ணெயில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்து, அவ்வெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே காஸ்ட்ரால் என்னும் பெயரைப் படைத்துக்கொண்டதும் கருதற்பாலது. லித்தியம் கிரீஸிலும் ஆமணக்கு மறைந்திருக்கின்றது: ரிசினோலிக் அமிலத்தோடு ஹைட்ரஜனைச் சேர்த்துப் பெறும் மெழுகு போன்ற அமிலத்தை லித்தியத்தோடு கூட்டியே அதன் சவுக்காரத்தைச் செய்கின்றனர். கிளாரன்ஸ் ஏர்ல் என்பார் 1942-இல் லித்தியம் கிரீஸிற்கு உரிமை பெற்றார். உலகில் ஆமணக்கு மிகுதியாய் விளையும் நாடு இந்தியா. அதிலும் குஜராத்தே முதன்மையானது. வண்டி மசகாய் நம் முன்னோர் குழைத்த எண்ணெய் இப்படி வேறுருவங்களில் நம்மிடமே திரும்பி வருகின்றது.

இன்று பிரேக்கு சீலுக்கென்று விற்கப்படும் சிவப்பு ரப்பர் கிரீஸ் இவ்வகையதே. தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு செய்யப்படுவது. பிறவற்றினின்று பிரித்தறியச் செந்நிறம் ஊட்டப்பட்டிருக்கும். கேலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் சீலைப் பள்ளத்தில் அமர்த்தும்போதும், பிஸ்டனை உள்ளே செலுத்தும்போதும், பிஸ்டனின் வெளிவாயிற் புழுதி புகாது காக்கும் ரப்பர் மூடியைப் பொருத்தும்போதும் இதனைப் படலமாய்த் தடவுதல் நன்று. திரவம் நிரம்பியிருக்கும் உட்புறத்திற்குப் புதிய பிரேக்குத் திரவமே போதுமான மசகு. அங்கே வேறெதையும் திணித்தல் வேண்டா என்பது என் கருத்து. சிவப்பு கிரீஸிற்கும் குறையுண்டு. தாவர எண்ணெயாதலின் நெடுநாள் வெப்பத்திற் காய்ந்து பிசினாகும் இயல்பு அதனிடம் உள்ளது. உலோகத்தோடு உலோகம் பலமாய் அழுந்தும் இடத்திற்கு அது தக்கதன்று.

கேலிப்பரை நகரவிடும் ஊசிகளுக்கு, அதாவது ஸ்லைடு பின்களுக்கு, சிலிகோன் கிரீஸ் பொருந்தும். ஒருபுறம் மட்டும் பிஸ்டனுள்ள கேலிப்பர் இவ்வூசிகளின்மேல் இழைந்து நகர்ந்தாலொழிய மறுபுறத்துப் பேடு டிஸ்க்கைத் தொடாது. ஊசி இறுகின், ஒரு பேடு தேய்ந்து தகடாகும். மற்றது புதிதுபோலவே இருக்கும். தம் வண்டியின் பேடுகளை மாற்றும்போது இரண்டின் பருமனையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இக்குற்றத்தை அப்பொழுதே கண்டுகொள்வர். ஊசியைச் சூழ்ந்து ரப்பர் உறை இருத்தலின் இங்கும் பெட்ரோலிய கிரீஸ் விலக்கத்தக்கது. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறித் தொடுத்த சங்கிலியையுடைய சிலிகோன் எண்ணெயை நுண்ணிய சிலிகாப் பொடியாற் கெட்டியாக்கியதே சிலிகோன் கிரீஸ். அது ஈ.பி.டி.எம். ரப்பரோடு பகைப்பதில்லை, குளிரில் உறைவதில்லை, இருநூறு பாகையை அண்மித்த வெப்பத்தையும் பொறுக்கும், மழைநீரை விலக்கும். சில தயாரிப்பாளர் பாலிகிளைக்கால் வகைக் கிரீஸை விதிக்கின்றனர்; அதுவும் ரப்பருக்குத் தீங்கற்றதே. லீவரின் முனை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தொட்டுத் தள்ளும் இடத்திற்கும் சிலிகோன் கிரீஸ் கடுகளவு போதும். ஆயினும் சிலிகோன் கிளைக்கால் திரவத்தோடு கலவாதாதலின், அதனைத் திரவம் இயங்கும் உட்புறத்தில் அப்புதல் தகாது. டாட் 5 என்னும் சிலிகோன் திரவம் வேறொன்று, டாட் 5.1 அதற்கு உறவன்று. எண்ணின் ஒற்றுமையால் மயங்கி ஒன்றற்கு மற்றொன்றை ஊற்றுவோர் பெருந்துன்பத்திற்கு ஆளாவர்.

பேட்டின் முதுகிலே தடவும் செம்புப் பசையைப் பற்றி நம்மிடையே கட்சிபேதம் உண்டு. செம்புப் பொடியைக் கிரீஸிற் கலந்து செய்யும் அப்பசை, எண்ணெய் எரிந்து போயினும் செம்பை எச்சமாக விட்டுவைத்து, பேட்டின் கீச்சொலியைக் குறைக்கும் என்பர். குறைப்பதும் உண்மையே. எனினும் அதன் எண்ணெய் பெரும்பாலும் பெட்ரோலிய வகை. பிஸ்டனின் ரப்பர் மூடிக்கு அருகே அது வழிதல் எளிது. அன்றியும், கேலிப்பர் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. செம்பும் அலுமினியமும் உப்புக்கலந்த ஈரத்தில் ஒன்றையொன்று தொடின், இரண்டும் சேர்ந்து சிறு மின்கலமாகி, அலுமினியமே அரிக்கப்படும். நாகப்பட்டினம், தூத்துக்குடி முதலிய கடற்கரையூர்களில் வண்டி ஓட்டுவோர் இதனைச் சிறப்பாக நினைத்தல் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதன் உணர்கருவி சக்கரத்தருகே இருத்தலின், உலோகப்பொடி கலவாத பசையையே இடுக என்று கூறுவோரும் உளர். பீங்கான் பொடி கலந்த உலோகமற்ற பசை இன்று எளிதிற் கிடைக்கின்றது. அதனைப் பேட்டின் உலோக முதுகிலும் அது ஊன்றி நகரும் காதுகளிலும் மெல்லிதாய் இடுதல் போதும். கீச்சொலி அதன்பின்னும் நில்லாதாயின், காரணம் மசகின் குறைவன்று. தேய்ந்த பேடோ வளைந்த டிஸ்க்கோ ஆதல் கூடும்.

டிரம் பிரேக்கைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. அங்கே திரவமும் சீலும் இல்லை. ஷூக்களை விரிக்கும் கேமின் தண்டும், ஷூக்கள் ஊன்றி நிற்கும் ஆணியும் மட்டுமே மசகை வேண்டுவன. வெப்பத்திற்கு உருகாத கிரீஸைத் தண்டிற்கு மெழுகுவதுபோல் இட்டு, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தண்டு வறண்டால் பிரேக்கு மீளாது. மசகு மிகுந்தால் சுழற்சியால் சிதறி ஷூவின்மேல் படியும். இரண்டனுள் பின்னதே கொடிது. ஷூவும் பேடும் நுண்துளை உடையன. உட்சென்ற எண்ணெய் துடைத்தால் வாராது. நெருப்பிற் காட்டி எரித்துவிடலாம் என்று சிலர் முயல்வர். மறுபடி வெப்பம் ஏறும்போது எஞ்சிய எண்ணெய் மேலெழுந்து வழுக்கும். எண்ணெய் பட்ட ஷூவையும் பேடையும் மாற்றிவிடுதலே முறை. டிஸ்க்கின் முகத்தை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்கலாம்.

மசகைச் சரியாகத் தேர்ந்தும் கழுவும்போது கெடுப்பவர் உண்டு. பட்டறைகளிற் பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ தோய்த்துத் தூரிகையால் தேய்த்தல் பெருவழக்கு. சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும் அது நன்றே. கேலிப்பரை ரப்பர்களோடு அதனுள் இடுதல், ஒரு நாழிகைக்குள் பல மாதத்துக் கிரீஸ் செய்யும் கேட்டைச் செய்துவிடும். ஏனெனில் மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் சிறியன, ரப்பருக்குள் விரைந்து புகுவன. சோப்பு நீரும், இறுதியில் ஆல்கஹாலும், சீலுக்குப் புதிய பிரேக்குத் திரவமுமே கழுவுதற்கு உரியவை. வண்டியைப் பட்டறையில் விடுவோர் இவ்வொன்றைத் தொழிலாளியிடம் முன்கூட்டி வணக்கமாய்ச் சொல்லிவிடலாம். நெடுநாள் கைப்பழக்கமுள்ள தொழிலாளர் பலர் காரணம் விளங்கினால் மகிழ்ந்து ஏற்றுக்கொள்பவரே. அவருக்குக் காரணத்தை எடுத்துரைப்பார் இல்லாமையே குறை.

மேற்கூறிய விதி எங்கும் ஒரேபடித்தாய்ச் செல்லும் என்றும் கொள்ளற்க. ஜப்பானியரின் ஷிமானோ சைக்கிள் டிஸ்க் பிரேக்குகள் கிளைக்கால் திரவத்தைக் கொள்ளாமல் பெட்ரோலிய வகை எண்ணெயைக் கொண்டே இயங்குகின்றன. அவற்றின் சீல்கள் அவ்வெண்ணெயைத் தாங்கும் ரப்பரால் ஆனவை. அங்கே டாட் 4 ஊற்றுவதே சீலைக் கெடுக்கும். சில மோட்டார் சைக்கிள்களின் கிளட்ச்சிலும் இத்தகைய எண்ணெய் உண்டு. ஆதலின் திரவத்தொட்டியின் மூடியிற் பொறித்த எழுத்தைப் படியாமல் டப்பாவைத் திறத்தல் ஆகாது.

ரசாயன சாலையிற் பயிலும் மாணவர் இதனைத் தாமே சோதித்தறியலாம். செலவு மிகச் சிறிது. பட்டறையிற் கழித்தெறிந்த பழைய பிரேக்கு சீல் அல்லது பிஸ்டன் மூடி ஒன்றைக் கேட்டுப் பெற்று, சோப்பு நீரிற் கழுவி உலர்த்தி, ஒரே நீளமுள்ள மூன்று துண்டுகளாக நறுக்குக. மூன்று சோதனைக் குழாய்களில் முறையே எஞ்சின் எண்ணெய், விளக்கெண்ணெய், டாட் 4 பிரேக்குத் திரவம் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மூழ்கவிட்டு, வாயைத் தக்கையால் அடைத்து, வெயில் படும் சன்னல் ஓரத்தில் ஒரு வாரம் வைக்க. பின்னர் எடுத்துத் துடைத்து நீளத்தையும் நிறையையும் அளந்தால், முதற்றுண்டு நீண்டு, கனத்து, விரலிடையே மெத்தென்று தளர்ந்திருக்கும். ஏனைய இரண்டும் ஏறக்குறைய இட்டபடியே இருக்கும். பிரேக்குத் திரவம் வண்ணப்பூச்சை உரித்துவிடுமாதலின் மேசைமேற் சிந்தாது பார்த்துக்கொள்க. ஆர்வமுடையார் நான்காவது குழாய் ஒன்றையும் வைக்கலாம்: எஞ்சின் எண்ணெயைத் தாங்குதற்கென்றே நைட்ரைல் ரப்பராற் செய்யப்பட்ட ஓ-வளையம் ஒன்றை அதே பிரேக்குத் திரவத்தில் இட்டால், இம்முறை பருப்பது அவ்வளையமாயிருக்கும்.